இரண்டு சதவீதம்

கௌனாஸ் நகரம், மூன்றாம் மாடி.
யுர்காவின் இழுப்பறையில் நாற்பத்தொரு கைப்பேசிகள்.
எல்லாம் ஒரே குலம்,
ஒன்றுக்கொன்று பேச்சுவார்த்தை இல்லை.

ஒரு பொத்தான். 'பணம் அனுப்பு.'
அதை எல்லாவற்றிலும் அழுத்திப் பார்ப்பதுதான் வேலை.
புதியதில் பச்சையாய் நிற்கிறது.
சாம்பல் நிறத்ததில் பாதி, திரைக்கு வெளியே.
விளிம்பு உடைந்ததில்
பொத்தானைக் காணோம், நிழல் மட்டும் விழுகிறது.
அதற்குக் கடைசிப் புதுப்பிப்பு வந்து
ஆறு பனிக்காலம் ஆகிறது.
கேட்டால் கூசாமல் சொல்கிறது:
"உங்கள் சாதனம் புதுப்பித்த நிலையில் உள்ளது."

மேலிடத்திலிருந்து ஒரு வரி:
ஏழாம் பதிப்புக்குக் கீழே கைவிடலாம்,
வெறும் இரண்டு சதவீதம்.

யுர்கா கணக்குப் போட்டாள்.
பதினோராயிரம் பேர்.
ஆற்றோரத்து விளையாட்டரங்கம் நிரம்பி
மிச்சப் பேர் பனியில் நிற்பார்கள்.

'சரி' என்று பதில் போட்டாள்.
வேறென்ன போட?

கோட்டை மாட்டும்போது
இழுப்பறைக்குள் ஏதோ அதிர்ந்தது.
உடைந்த விளிம்புதான்.
பழைய பொருள் சந்தையில் வாங்கியது,
விற்றவர் எதையும் அழிக்கவில்லை.

மாலை 5.10. ஸ்கிர்மாவைக் கூப்பிடு.

நிமிடம் பிசகாமல்.