ஆலு செத்தோ

முதல் நாள் அவன் "தீதீ" என்று கூப்பிட்டான்.
ஊதுகுழலைக் கீழே போட்டுவிட்டுத்
திரும்பிப் பார்த்தேன், எங்கே பற்றிக்கொண்டதென்று.
அக்கா என்று அர்த்தமாம்.
தாஸ்பூரிலிருந்து மூன்று ரயில் மாறி
செவ்வாய்ப்பேட்டைக்குக் கொலுசு பற்றவைக்க வந்த நிமாய்க்கு
நான் அக்கா ஆனது அப்படித்தான்,
கையில் ஒரு வாளித் தண்ணீரோடு.

மாதத்தில் ஒரு நாள் கரண்ட் இருக்காது.
அச்சு மிஷின் நிற்கும்,
முதலாளி சவுண்டப்பன்
மாமனார் வீட்டுக்குக் கோரிமேடு போய்விடுவார்.
அப்படியொரு நாளில்
பட்டறைப் பின்கட்டில் அடுப்பைப் பற்றவைத்துக்கொண்டு
போனில் கத்துகிறான்:
"ஆலு செத்தோ! ஆலு செத்தோ!"
சிரிக்க வேறு செய்கிறான்.
எந்த ஆளுடா, யாருடா செத்தது என்று
நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஓடினால்
பானைக்குள் உருளைக்கிழங்கு.

ஆலு என்றால் உருளை.
செத்தோ என்றால் வெந்தது.

சோறு கொதிக்கும்போதே போட்டுவிட வேண்டியது,
தோலோடு, இரண்டாய் வெட்டி.
தனி அடுப்பு வேண்டாம், மசாலா வேண்டாம்.
கஞ்சியை வடித்துவிட்டு
விரல் சுட ஊதி ஊதி உரித்து
உப்பு, பச்சைமிளகாய், பச்சை வெங்காயம்,
மேலே பச்சையாகவே கடுகெண்ணெய்.
பிசைவதுதான் சமையல்.

கடுகெண்ணெயா!
எங்கள் வீட்டில் அது முட்டிவலிக்கு.
லீ பஜார் நாட்டுமருந்துக்காரர்
"யாருக்கு வாதம்?" என்று கேட்டுவிட்டுத்தான் ஊற்றுவார்.
முதல் உருண்டை மூக்கில் ஏறிக் கண்ணில் இறங்கியது.
இரண்டாவதை நானே எடுத்தேன்.
மூன்றாவதற்கு
அவன் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

அடுத்த கரண்ட் கட்டுக்குக் கசகசா.
அதை அவன் வெள்ளித் தராசில் நிறுத்தான்,
அது விற்கிற விலைக்கு அதுதான் சரி.
வெங்காரம் உரைக்கிற கல்லில் அரைக்கப் போனவன்
கையில் ஒன்று வைத்தேன்.
எதிர்வீட்டு அம்மியில் விழுதாக்கி
உருளையோடு புரட்டினால் வேலை முடிந்தது.
இன்னொரு மாதம் மசூர் பருப்பு.
நம் தாளிப்பில் கடுகு மட்டும்தான் பேசும்;
அவன் வெந்தயம், சோம்பு, சீரகம், கருஞ்சீரகம் என்று
ஐந்து பேரையும் ஒரே நேரத்தில் பேசவிட்டான்.

மேட்டூர் ரோகு வாங்கிய அன்றைக்குச் சண்டை.
"எங்கூர் மீன், தீதி."
"போடா, காவேரி மீன்."
குஞ்சாக லாரியில் வந்தது என்று சாதித்தான்.
மீனிடம் கேட்க முடியுமா,
மஞ்சள் தடவிவிட்டோம்.

ஆடி பத்தொன்பது.
அண்ணன் குழந்தைவேலு
தொப்பூர் இறக்கத்தில் போய்விட்டான்.
லாரிக்கு என்ன ஆச்சு, பிரேக்கு என்ன ஆச்சு என்று
வாசலெல்லாம் பேச்சு.
அடுப்பு மூட்டவில்லை.
பங்காளி வீட்டு ரசஞ்சோறு
கையிலேயே காய்ந்துபோயிருந்தது.

மறுநாள் நிமாய் வந்தான்,
டிபன் கேரியரோடு, செருப்பைத் தெருவிலேயே விட்டுவிட்டு.
இழவு வீட்டில் என்ன சொல்வதென்று
யாரும் அவனுக்குத் தமிழில் சொல்லித்தரவில்லை.
"என்ன தம்பி கொண்டாந்திருக்கே?" என்றார் சித்தப்பா.
பாவம், கேட்டதற்குப் பதில் சொன்னான்:
"ஆலு செத்தோ."

பந்தல் அப்படியே நின்றது.
நான் முந்தானையை முகத்தில் இழுத்துக்கொண்டேன்.
தோள் குலுங்கியது.
பொம்பளைகள் நாலைந்து பேர் ஓடிவந்து
கட்டிக்கொண்டு அழுதார்கள்.
அவர்கள் அழ அழ எனக்குச் சிரிப்பு கூடியது,
எந்த இடத்தில் அது மாறியதென்று
எனக்கே தெரியவில்லை.

எல்லாரும் நகர்ந்த பிறகு மூடியைத் திறந்தான்.
வெள்ளைச் சோறு, வெள்ளைக் கிழங்கு,
வெங்காயம் இல்லை, மிளகாய் இல்லை,
மூக்கில் ஏறும் அந்த வாசனையும் இல்லை.
சாவு வீட்டுக்கு ஆகாதாம் அவன் ஊரில்.
"கடுகெண்ணெய் நெய்" என்றான்.
அவன் பாஷையில் நெய் என்றால் இல்லை.
என் பாஷையில்
அது அந்தக் கிழங்கின்மேல் உருகிக்கொண்டிருந்தது.

பிசைந்தேன்.
உப்பு கொஞ்சம் தூக்கல்.
சொல்லவில்லை.