அடிக்கு ஒரு இஞ்சு

மூணு படி இருந்த இடத்தில்
ஜூலையில் ஒரு சரிவு வந்தது.
நீல பெயிண்டில் சக்கர நாற்காலிப் படம்,
பக்கத்தில் திறந்து வைத்தவர் பெயர்.
படத்தைவிடப் பெயர்தான் பெரிசு.

யூனிஸ் ஏறிப் பார்த்தாள்.
பாதியில் நின்ற சக்கரம் பின்னுக்கு வந்தது.
முட்டி தேய நான் முட்டுக் கொடுத்தேன்.
இறங்கும்போது இன்னும் மோசம்,
தண்ணீர்த் தொட்டிவரை நிற்கவேயில்லை.
"ஏறினா ப்ளஸ்ஸு, இறங்கினா மைனஸ்ஸுன்னு மிஸ் சொல்லுவாங்க.
எனக்கு ரெண்டும் ஒரே பயம்" என்றாள்
உரிந்த உள்ளங்கையை ஊதிக்கொண்டே.

அந்த வாரம்தான் எட்டு 'ஆ' பிரிவுக் கரும்பலகையில்
ஒய் ஈக்வல் டு எம் எக்ஸ் ப்ளஸ் சி.
கமலவேணி மிஸ் எம்மைச் சுற்றி வட்டம் போட்டார்.
ஏறிய உயரத்தைக்
கிடையாய்ப் போன தூரத்தால் வகு, அதுதான் சாய்வு.
நான் ஜன்னலுக்கு வெளியே வகுத்துக்கொண்டிருந்தேன்.

தையல் டீச்சரின் இஞ்சு டேப்.
சரிவின் முதுகில் வைத்து அளந்தேன்.
"லூசு, தரையில அள" என்றாள் யூனிஸ்.
உயரம் ரெண்டடி, தரையில் ஆறடி.
மூன்றில் ஒன்று.
பன்னிரண்டில் ஒன்றைத் தாண்டக் கூடாதென்று
அவள் பிசியோதெரபிக்குப் போகும் இடத்தில் ஒட்டியிருக்கிறதாம்.
"நாலு மடங்கு தப்பு" என்று சொல்லிவிட்டு
என் பக்கம் திரும்பாமல் இருந்தாள்.

கட்டிய கொத்தனார் என் அப்பா.

ராத்திரி சொன்னேன். ரசத்தில் கை நின்றது.
"காண்டிராக்டர் காட்னது ஆறடி, குடுத்தது நாலு மூட்டை.
பாத்ரூம் தண்ணிக்கே
வாட்டம் பாத்து வுடுறவன்டி நான்.
சக்கரம்னா அடிக்கு ஒரு இஞ்சுதான் வாட்டம்.
தெரியாதா எனக்கு?"
அடிக்குப் பன்னிரண்டு இஞ்சு.
வகுத்துப் பார்த்தேன், சரியாக இருந்தது.
சொன்ன சொல்லே
அப்பா முகத்தில் வந்து உட்கார்ந்திருந்தது.

கிராஃப் தாளில் போட்டோம்.
ரெண்டடி ஏற இருபத்துநாலடி வேண்டும்.
நேராக விட்டால் கோடு
தொட்டியைத் துளைத்து, கேட்டைத் தாண்டி,
வியாசர்பாடி ஷேர் ஆட்டோக்களுக்கு நடுவில் போய் இறங்கியது.
சிரித்து முடித்ததும்
வராந்தாச் சுவரோரமாய் அதைத் திருப்பிவிட்டாள் யூனிஸ்.
பன்னிரண்டடி ஏற்றம்.
மூச்சு வாங்க ஐந்தடி சமதளம், அங்கே எம் பூஜ்யம்.
மறுபடி பன்னிரண்டு.
ரெண்டாவது துண்டைப் பின்னால் நீட்டினால்
ஆரம்ப இடத்தில் அது
மண்ணுக்குக் கீழே அஞ்சு இஞ்சில் கிடந்தது.
அதே எம், வேற சி.
"ரெஸ்ட் எடுத்ததுக்கு அஞ்சு இஞ்சு கடன்" என்றாள்.

தாள் மண்டல அலுவலகம் போயிருக்கிறது.
பதில் இல்லை.

ஒரு ஞாயிறு
மட்டக்குழாயும் வேறு சைட்டில் மீந்த சிமெண்டுமாக
அப்பா வந்தார். யாரிடமும் பேசவில்லை.
முதல் பன்னிரண்டடியும் சமதளமும் முடிந்தபோது
மூட்டையும் முடிந்துவிட்டது.

இப்போது மதியங்களில்
யூனிஸ் தானே ஏறி, அங்கே நிறுத்தி,
டிபன் பாக்ஸைத் திறக்கிறாள்.
என் கைகளுக்கு வேலையில்லை, பாவாடைப் பையில் கிடக்கின்றன.
வகுப்பறை இன்னும் ஒரு அடி உயரத்தில்.

மீதிக் கோட்டை வராந்தாச் சுவரில்
சாக்பீஸால் போட்டு வைத்திருக்கிறாள், புள்ளி புள்ளியாக.
நேற்றைய மழையில் போய்விட்டது.
இன்றைக்கு மஞ்சள் சாக்பீஸ்.