ஈர எடை

முதல் நாள் மாலைக் காட்சி,
அஞ்சு ரோட்டுப் பக்கம் ஒரு தியேட்டர்.
'மூலக்கதை' என்ற சொல்லுக்குக் கீழே
என் பெயர் நான்கு விநாடி நின்றது.
அந்த நான்கு விநாடியும்
முன்வரிசைப் பையன்
பாப்கார்னுக்குச் சில்லறை எண்ணினான்.

பன்னிரண்டு வருஷத்தில்
நானூற்றுப் பதினேழு பிரதி விற்ற நாவல்.
மீதி அம்மாப்பேட்டை வீட்டில்
கால் உடைந்த கட்டிலைத்
தாங்கிக்கொண்டிருந்தது.

கதை இவ்வளவுதான்:
சேர்வராயன் மலையில் ஒரு காப்பித் தோட்டம்.
எடை போடுகிற பவுல்ராஜ்
கூடைக்கு அரைக்கிலோ குறைத்து எழுதுகிறான்.
ஈரத்துக்குக் கழிவு என்பான்.
வெயில் கொளுத்தும் மாசியிலும்
ஈரத்துக்குக் கழிவு.
அப்புறம் இருநூற்று நாற்பது பக்கம்
அவனுக்குத் தூக்கம் வராது.

டைரக்டர் தம்பி நல்லவன்.
ஆறு தடவை படித்தேன் என்றான்,
பக்க ஓரமெல்லாம் பென்சில்.
"தூக்கம் வராததை எப்படி மேடம் ஷூட் பண்றது?"
எனக்கும் தெரியவில்லை.

ஆகவே படத்தில் பவுல்ராஜ் திருடவில்லை.
திருடுகிற முதலாளியைத்
தராசுச் சங்கிலியால் அடிக்கிறான்,
சரியாக இடைவேளைக்கு முன்.
விசில்.
அவனுக்கு ஒரு நாயும் கொடுத்திருந்தார்கள்,
ஒரு காது மடிந்த செவலை.
அது வரும்போதெல்லாம்
தியேட்டரே முன்னால் சாய்ந்தது.
நானும் சாய்ந்தேன்.

ஊர்க்காரர்களுக்கு வேறு கோபம்.
அது நம்ம மலையே இல்லை, குடகில் எடுத்திருக்கான்.
நம்ம ரோட்டில் இருபது வளைவு,
இவன் ஏழிலேயே மேலே போயிட்டான்.
தட்டுவடை செட்டுல பீட்ரூட்டைக் காணோம்.

ஞாயிற்றுக்கிழமை விமர்சனங்கள்.
நாவலின் ஆன்மா தொலைந்தது என்று எழுதியவர்
நாவலில் இல்லவே இல்லாத தங்கைக்காக
ஒரு பத்தி வருந்தியிருந்தார்.
இன்னொருவர்
மந்தமான மூலத்தைப் படம் காப்பாற்றியது என்றார்.
அவர் படித்திருக்கிறார்.
மந்தமான இடங்களைப் பக்க எண்ணோடு சொல்லியிருந்தார்.

ஒரு மாதத்தில் கட்டில் தரைக்கு இறங்கிவிட்டது.
கடிதங்கள் வந்தன: புத்தகத்தில் நாய் எங்கே?
செத்துப்போச்சு என்றாவது எழுதியிருக்கலாமே?
சூரமங்கலத்துக்காரர் ஒருவர்
பணத்தைத் திருப்பிக் கேட்டார்.
படத்தை நான் கெடுத்துவிட்டேனாம்.

பிறகு ஜெரால்டு வந்தான்,
நிஜ எடைக்காரரின் மகன்.
புத்தகம் வந்த வருஷம்
என் வாசலில் நின்று கத்தியவன்.
கல்யாணம், சாவு,
எதிலும் என் முகம் பார்க்காதவன்.
கையில் ஒரு மஞ்சப்பை நிறைய மிளகு.
"எங்கப்பாவை நல்லபடியா காமிச்சிட்டீங்க அக்கா.
ஒரு கிலோ இருக்கு, வெச்சுக்கங்க."
அம்மாவைக் கூட்டிக்கொண்டு
மூன்று தடவை பார்த்தானாம்.
அது நான் இல்லை என்று சொல்ல
வாய் வரவில்லை. வாங்கிக்கொண்டேன்.
அவன் தெரு திரும்பியதும்
சமையலறைத் தராசில் வைத்தேன்.
ஒரு கிலோவும் ஐம்பது கிராமும்.

மார்கழியில் நாகலூர் போயிருந்தேன்.
பழம் பறிக்கிற பெண்கள்
ஒரே போனில் தலை முட்டிக்கொண்டு
படத்தைப் பார்த்து முடித்திருந்தார்கள்.
குப்பாயிக்கு நாவல் தெரியாது.
அதன் பதினோராம் அத்தியாயம்
அவள் வாயால் சொன்னது என்பதும் தெரியாது.

எப்படி இருந்துச்சு என்றேன்.
கூடையை இறக்காமலே யோசித்தாள்.
"தராசு நேரா நிக்குதே.
அது எங்க நின்னுச்சு நேரா?"
பக்கத்துப் பெண்கள் சிரித்தார்கள்.

இரண்டு மூன்று நொடி
நான் ஜெயித்துவிட்டதாக நினைத்தேன்.

வரிசையில் நகர்ந்தவள்
திரும்பிப் பார்த்துச் சொன்னாள்,
"ஆனா அந்த நாய்
நல்லாருந்துச்சு."