ஆறிய எலும்பு

நெமெக்ட் பள்ளத்தில் காற்று நின்றுபோன ஒரு காலை.
கூடாரத்துக்குள் பிளாஸ்டர் வாடை,
உப்புப் போட்ட பால்தேநீர்.
மேசையில் இரண்டு விலங்குகள்.
ஒன்று தின்றது.
மற்றது தின்னப்படாதது.

தின்றதைத்தான் எல்லோரும் கேட்கிறார்கள்.
சரி.

டார்போசாரஸ்.
மண்டையோட்டை நிமிர்த்தி வைத்தால்
என் நெஞ்சுக்கு வரும்.
அறுபதை ஒட்டிப் பற்கள்,
அடுத்தடுத்து நிற்கும் இரண்டுக்கு ஒரே வயதில்லை.
விழப்போவதன் காலடியில்
முளைத்தது காத்துக்கிடக்கும்,
தொண்ணூற்றொன்றில் உலான்பாத்தரில்
ரொட்டிக்கு நான் நின்ற வரிசை மாதிரி.
விளிம்பில் நகம் வைத்துப் பாருங்கள்.
ரம்பம். இன்னும் மழுங்கவில்லை.

கழுத்தெலும்பில் காற்றறைகள்:
இவ்வளவு பெரிய தலையை
இவ்வளவு லேசாகத் தூக்கப்
பறவைகளுக்கு முன்பே கண்ட வழி.
வயிற்றுக்கும் தனி விலா உண்டு,
முதுகோடு ஒட்டாமல்
சதையில் மிதந்த கூடை.
பாதத்தின் நடு எலும்பு
இருபுறத்து எலும்புகளுக்கிடையே ஆப்பாக இறுகியிருக்கிறது.
டன் கணக்கான எடை ஒற்றைக் காலில் இறங்கும்போது
பிசகக் கூடாதல்லவா.
முகர்வதற்கென்றே மூளையின் முனையில்
பருத்த இரண்டு மொட்டுகள்.

கையைப் பற்றி இந்த வாரம் ஒன்பது பேர்,
ஒன்பது பேரும் சிரித்துக்கொண்டே.
இரண்டு விரல். வாய்க்கு எட்டாது.
தாடையே கையாகிவிட்ட பிறகு
கைக்கு என்ன வேலை என்று
நானும் சிரித்துவைப்பேன்.

ஆனால் வேட்டை?
வேட்டையை எலும்பு சொல்வதில்லை.
பல் இங்கே இறங்கியது என்று சொல்லும்.
இறங்கியபோது அந்த உடம்பில்
உயிர் இருந்ததா என்று சொல்லாது.
வயிற்றுக்குள் போனவை
வாக்குமூலம் தருவதில்லை.
"பிணந்தின்னி. நடக்கத் தெரிந்த கழுகு"
என்பார் ஷக்தர்.
பத்துக் கோடையாக இதே சண்டை.
சூப் ஆறிவிடும், சண்டை ஆறாது.

இனி மற்றது.
வாத்துமூக்கு சாரோலோபஸ்,
அதன் வாலிலிருந்து இரண்டு கணுக்கள்.
இரண்டும் ஒன்றாகி, மரமுடிச்சாய் வீங்கி.
நோய் என்று எழுதிவைத்திருந்தோம்.
மூன்று வாரம் ஊசியால் சுரண்டியதில்
நேற்று சாயங்காலம்
கறுப்பாக ஒரு மினுக்கம்.

பல்நுனி.
கட்டைவிரல் நகமளவு.
அதைச் சுற்றி எலும்பு வளர்ந்து மூடியிருக்கிறது,
கழற்றாத மோதிரத்தைச் சுற்றி
விரல் பருப்பதைப் போல.

செத்த எலும்பு வளராது, ஷக்தர்.

அப்படியானால்
இந்தப் பொட்டலில் ஆறு ஓடிய நாளில்,
ஊசியிலை மரங்களுக்குப் பின்னால்
முதலில் மூக்கு வந்திருக்கிறது.
பிறகு கண்.
பிறகு, நீண்ட துரத்தல் இருந்திருக்காது,
நாலைந்து எட்டு,
இடுப்பைக் குறிவைத்த வாய்.
கிடைத்தது வால்.
ஒரு சுழற்று, ஒரு முறிவு,
சேறு.
அது பசியோடு திரும்பியிருக்கும்.
பல் போன இடத்தில்
வரிசையில் அடுத்தது எழுந்து நின்றிருக்கும்.
இதுவோ எத்தனையோ மாதம்
கொல்ல வந்தவனின் பல்லை வாலில் சுமந்துகொண்டு
மேய்ந்திருக்கிறது.

மோட்டார் சைக்கிளில் தண்ணீர் கொண்டுவரும்
த்சேவேல்மா எட்டிப் பார்த்தாள்.
முடிச்சைத் தடவினாள், கேட்காமலே.
"எங்கள் செவலைப் பெட்டைக்கும் தொடையில் இப்படித்தான்.
ஓநாய்."
பிறகு,
"அன்றைக்கு அப்புறம் இது
மந்தையில் எந்தப் பக்கம் நடந்தது?"

எனக்குத் தெரியவில்லை.
அதைக் கேட்க யாருக்கும் தோன்றியதில்லை.
"செவலை இப்போது நடுவில்தான் மேயும்" என்று
கேனை இறக்கிவிட்டுப் போனாள்.

பல்லைத் தனியே எடுத்து அனுப்பச் சொல்லி
நகரத்திலிருந்து இரண்டு முறை அழைத்துவிட்டார்கள்.
பாட்டரி இல்லை என்றேன்.
ஷக்தர் அழிரப்பரால் 'நோய்' என்பதை அழிக்கிறார்,
மெதுவாக, தாள் கிழியாமல்.
வெளியே காற்று எழும்புகிறது.
இழுத்துக் கட்ட வேண்டும் கயிறுகளை.