ஒன்றிலிருந்து பத்துக்குள்

இரவு டியூட்டி. பெண்கள் எலும்பு வார்டு.
நாற்பது கட்டில், ஐம்பத்திரண்டு பேர்,
இரண்டு நர்ஸ்.
ஒருத்திக்குப் பிரசவ விடுப்பு.
மீதி நான்.

ஊசி டிரேயின் அடியில் ஒரு நோட்டு.
நடுவே ஸ்கேல் வைத்துக் கோடு.
இடப்பக்கம் தருமபுரி. வலப்பக்கம்
இன்னும் வாய்க்குள் சரியாக உருளாத ஓர் ஊர்:
ப்ரௌன்ஷ்வைக்.

அங்கே ஒரு நர்ஸுக்கு எட்டு நோயாளி,
ஏஜென்சிக்காரர் சொன்னது.
இங்கே: மேலே பார்க்க.
அங்கே காய்ச்சல் வந்தால் சம்பளத்தோடு லீவு.
இங்கே தொகுப்பூதியம், ஏழாவது வருடம்,
லீவு கேட்க நினைத்தாலே
இருமல் தானாக நின்றுவிடும்.
அங்கே மூட்டு டாக்டரைப் பார்க்க
மூன்று மாதம் காத்திருக்க வேண்டுமாம்.
முன்னாலேயே போன ஷகிலா
வாய்ஸ் மெசேஜில் சிரிக்கிறாள்:
"காலையில ஓ.பி. சீட்டு வாங்கி, டாக்டரப் பாத்துட்டு,
மத்தியானம் பஸ் ஸ்டாண்டுல பரோட்டா தின்ன ஊருடி நம்ம ஊரு."
அப்புறம் குரல் இறங்குகிறது:
"ஆனா மாதே, இங்க ஆஸ்பத்திரி நாறல."
அதை எந்தப் பக்கம் எழுதுவது?
கோட்டின் மேலேயே எழுதினேன்.

வீடியோவில் நேர்முகம்.
ஃப்ராவ் மாதேஷ்வரி, கொஞ்சம் சிரிக்கலாமே என்றார்கள்.
உதடு மூடிச் சிரித்தேன்.
காரிமங்கலத்து போர்த்தண்ணி
என் பல்லில் காப்பிக் கறையாக எழுதியதை
அவர்கள் படிக்க வேண்டாமென்று.
மகனுக்கு வெள்ளைப் பல்.
அவன் பிறப்பதற்குள் குழாயில் காவிரி வந்துவிட்டது.
இந்த ஊரும் சும்மா இருக்கவில்லை,
நேர்மைக்காக இடப்பக்கம் எழுதினேன்.
அவன் தூங்கும்போது நான் பக்கத்தில் இல்லை,
இதுவும் இடப்பக்கம்தான்.
வலப்பக்கத்தில் அவனே இல்லை,
முதல் பதினெட்டு மாதம்.

மொழித் தேர்வில் ஒரு பயிற்சி உண்டு.
நோயாளியின் வலியை விசாரிக்க வேண்டும்:
ஒன்றிலிருந்து பத்துக்குள் எவ்வளவு?
பழகிப் பார்க்கலாமென்று பதினேழாம் கட்டிலில் கேட்டேன்.
சின்னபாப்பா, பாப்பாரப்பட்டி, பட்டுப்புழு வளர்ப்பு,
முட்டி இரண்டும் வெளிப்பக்கம் வளைந்தவள்.

"பத்துக்கா?
குத்தல்னா சொல்லிடலாம். இது குத்தல் இல்ல.
ராத்திரி குடைச்சல், விடிகாலையில கடுப்பு,
மழைக்கு முந்தி உள்ளுக்குள்ள யாரோ
மல்பெரிக் குச்சி ஒடிக்கிறாப்ல ஒண்ணு.
ஒவ்வொண்ணுக்கும் தனி மார்க்கா?"

சார்ட்டில் ஏழு என்று எழுதினேன்.
"எட்டுப் போட்டா மாத்திரை கூடக் கிடைக்குமா?"
கிடைக்காது என்றேன்.
"அப்ப ஏழே இருக்கட்டும்."

போர்வையை இழுத்துவிடும்போது கேட்டாள்,
"வெளிநாடு போறியாமே?"
யார் சொன்னார்களோ.
டிரிப்பின் சொட்டை எண்ணுவதுபோல் நின்றேன்.
போ என்பாள், இல்லை
போகாதே என்பாள்.

"அங்க தண்ணி எப்படி?"

நோட்டில் சம்பளம் இருந்தது, குளிர், வாடகை, காப்பீடு,
அரிசி விலை இருந்தது,
செத்துப்போனால் உடம்பை ஊருக்கு அனுப்ப
எவ்வளவு ஆகும் என்பதுகூட இருந்தது.
தண்ணி இல்லை.

தெரியலக்கா.

"கேட்டுக்க. பல்லு எப்படியோ போகுது.
நின்னு வேல செய்ய எலும்பு வேணுமில்ல."

மூன்று மணிக்கு ஷகிலாவுக்கு மெசேஜ் போட்டேன்.
அங்கே பத்தரை இருக்கும்.
நீல டிக் விழுந்தது.
எழுதுகிறாள். நிறுத்துகிறாள்.
மறுபடி எழுதுகிறாள், ரொம்ப நேரமாக.
தண்ணியைப் பற்றி அவ்வளவு என்ன எழுத இருக்கிறது?

அதற்குள் ஜன்னலோரம், தரைப்பாயில் இருப்பவளுக்கு
டிரிப் தீர்ந்துவிட்டது.
போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனேன்.