பத்து விழுக்காடு

பாடாங் செராயில், முன்பு
பால் லோரி திரும்பிய வளைவில்
எங்கள் பட்டறை.
ஏழு லேத்துகள். விடிவதற்குள்
இடுப்பளவு அலுமினியச் சுருள்.
மிதித்தால் அமுங்கும், அள்ளினால் கிழிக்கும்.

லோரி நிறைய ஏற்றுவோம்;
பாதிக்குமேல் காற்றுதான்.
பழைய இரும்பு லிம் விரலை விட்டுப் பார்த்து
"எண்ணெய்" என்பார்.
பத்து விழுக்காடு போகும்.

சீனப் புத்தாண்டு கழிந்து வந்தது அமுக்கு எந்திரம்.
பித்தளைத் துணுக்கைப் பொறுக்கி எறிந்துவிட்டு
அதன் வாயில் கொட்டுகிறாள் பவானி.
ஒரு முக்கல்.
கீழே தட்டில் பாலாய் வடிகிறது கூலண்ட்,
வடிகட்டினால் மறுபடி லேத்துக்கே.
முன்னால் விழுகிறது வில்லை,
சூடாக, கஞ்சிக் கிண்ண அகலம்,
தூக்கியவன் கை ஒருமுறை ஏமாறுகிற கனம்.

லிம்முக்கு நம்பிக்கையில்லை.
உள்ளே கல்லா, மண்ணா?
சம்மட்டி கேட்டார்.
மூன்றாம் அடியில் பிளந்தது.

உள்ளே
சுருள்தான். ஒவ்வொன்றும் தனித்தனியாய்,
இன்னும் சுருண்டபடி,
ஒன்றின் கழுத்தில் ஒன்று முழங்கை வைத்து,
காலை ஆறரை ஃபேக்டரி பஸ் மாதிரி.

விரலை விட இடம் தேடினார்.
துடைத்துக்கொள்ள பவானி துணி நீட்டினாள்.

தேவைப்படவில்லை.