முப்பத்தேழாவது வரி

மீனாட்சிபுரம் செக்போஸ்ட் தாண்டி இரண்டு கிலோமீட்டர்.
பலகையில் மலையாளம், வரிசையில் தமிழ்,
கம்ப்யூட்டரில் இங்கிலீஷ்.
அறுபத்து நாலு பேர் பால் ஊற்றும் சொசைட்டி.

லிட்டரை வெட்டி அங்கே ஒட்டு,
கொழுப்பை வெட்டி இங்கே ஒட்டு,
விலையால் பெருக்கு, கோடு போடு,
பாலக்காட்டுக்கு அனுப்பு.
மறுநாளும் அதே.

யூனியனிலிருந்து வந்த சஜிமோன் சொன்னான்:
"ஒரு தடவை செஞ்சு காட்டுங்க சேச்சி,
அது பார்த்துப் படிச்சுக்கும்."

ரெக்கார்ட் பொத்தானை அமுக்கினேன்.
தோளுக்குப் பின்னால் ஆள் நிற்கிற மாதிரி
நிமிர்ந்து உட்கார்ந்து செய்தேன்.
தப்பான கட்டத்துக்குப் போய்த் திரும்பினேன்;
அதுவும் பதிவானது.
வேலாத்தாள் வரி வந்தது.
எஸ்.என்.எஃப் ஏழு புள்ளி எட்டு.
எட்டுக்குக் கீழே என்றால் லிட்டருக்கு நாலு ரூபாய் போச்சு.
வீட்டுக்காரர் பொள்ளாச்சி ஆஸ்பத்திரியில்,
புண்ணாக்குக் கடையில் பாக்கி.
எட்டு புள்ளி இரண்டு என்று அடித்தேன்.
அதுவும்.

அப்புறம் கண்ட்ரோல், ஷிஃப்ட், பி.
முக்கால் மணி நேர வேலை
டீ ஆறுவதற்குள் முடிந்தது.
தப்பான கட்டத்துக்குத் துள்ளிப் போய்த் திரும்புவதை மட்டும்
தினமும் பார்ப்பேன்,
என் நடையை யாரோ நடந்து காட்டுகிற மாதிரி.

மாசி பிறந்ததும் வரிசையில் தள்ளுமுள்ளு.
முன்னால் நிற்க இல்லை.
கிட்டுச்சாமி கேனைக் கீழே வைத்துவிட்டுத் தலைகளை எண்ணுகிறார்.
காசிம் ராவுத்தர் "நீங்க போங்க, நீங்க போங்க" என்று
நாலு பேருக்கு வழி விடுகிறார்.
முப்பத்தாறாவது இடத்துக்குத்தான் இத்தனை மரியாதை.
அங்கே நின்றால்
தண்ணிப் பாலும் எட்டு புள்ளி இரண்டு.
எட்டரைக்குக் குறையாத குட்டப்பன் மட்டும்
அந்த இடம் தன்னிடம் வந்துவிடுமோ என்று
பீடி வாங்கப் போய்விடுவார்.

தலைப்பு வரி ஒன்று சேர்த்தால்
முப்பத்தாறாவது ஆள், முப்பத்தேழாவது வரி.
மேக்ரோவைத் திறந்தேன்.
நான் எழுதாத எழுத்தில் நான் செய்ததெல்லாம்.
அதற்கு வேலாத்தாளைத் தெரியாது,
ஈ முப்பத்தேழைத் தெரியும்.

அழிக்கவில்லை.
வரிக்கு முன்னால் ஒரு ஒற்றைக் குறி வைத்தேன்.
பச்சையாக மாறியது.
இருக்கும், ஓடாது.

மறுநாள் காலை
"இன்னைக்கு என்ன, மெஷின் கெட்டுப் போச்சா?" என்றார் கிட்டுச்சாமி.
பன்னிரண்டாவதாக வந்தாள் வேலாத்தாள்.
ஏழு புள்ளி ஏழு.
ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு
திரையைப் பார்க்காமல் என்னைப் பார்த்தாள்.

விரல் எட்டின் மேல் நின்றது.
எதுவும் ரெக்கார்ட் ஆகவில்லை.